இடது பக்கத்துப் பை

டைக்காரரிடம் ஒரு சோப்பைக் கொடுத்தால் சோப்பை ஓரமாக வைத்துவிட்டு அது வந்த பெட்டியைத்தான் எடுத்துப் பார்ப்பார். ஒட்டின இடத்தை நகத்தால் நெம்பிப் பிரித்து, மேசைமேல் தட்டையாக விரிப்பார். "பாத்தியா, இந்த மூடிக் காதை ஒரு நூல் சாய்ச்சு வெட்டியிருக்கான். அதான் மூடுறப்ப இடிக்கல. எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான்" என்பார். அந்த எவனோ ஒருத்தன்மேல் அவருக்குத் தீராத பிரியம். பேருந்துக் கைப்பிடியின் வளைவில் அவன் இருந்தான். குழாயின் திருகில் இருந்தான். பால் பாக்கெட்டின் மூலையில் இருந்தான். பேர் தெரியாது, ஊர் தெரியாது, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டவன்.

அவர் தொழில் அப்படி. அட்டைப்பெட்டிப் பட்டறையில் பலகையைக் கோடு கோடாக அறுத்து, அறுத்த தடத்தில் கூரான எஃகுத் தகடுகளை வளைத்துச் செருகுவார். அதற்குப் பேர் டை. அதை அட்டைமேல் வைத்து இயந்திரம் ஒரு அமுக்கு அமுக்கினால் மொத்தப் பெட்டியும் ஒரே வெட்டில் விழும். தட்டையாகக் கிடக்கிற அட்டையைப் பார்த்தே அது மடிந்து எழுந்து நின்றால் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுவார்.

"நான் செத்தா என்னையும் ஓரத்துல பிரிச்சு விரிச்சுப் பாப்பீங்க" என்பாள் அவர் மனைவி.

"உன்னைப் பிரிக்க முடியாது மாஸ்டர். நீ அழுத்தமா ஒட்டினது."

தெரு முழுக்க அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டு முன்னறையில்தான் தையல் கடை. அவள் வெட்டுவாள், அவள் தங்கச்சி தைப்பாள். வெட்டுகிறவள்தான் மாஸ்டர். காகித மாதிரி எதுவும் வைத்துக்கொண்டதில்லை. வந்து நிற்கிறவளை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள், டேப்பைப் பேருக்கு ஒரு தரம் போடுவாள், பிறகு துணிமேல் சாக்கட்டி ஓடும். கணவனும் மனைவியும் பேருந்தில் போனால் அவர் கைப்பிடியைப் பார்ப்பார். அவள் அதைப் பிடித்திருப்பவர்களின் தோளைப் பார்ப்பாள். "அந்தப் பொண்ணு ஒரே தோள்ல பையை மாட்டி மாட்டி எறங்கிப்போச்சு பாருங்க. அவளுக்கு வலப்பக்கம் ஏத்தி வெட்டணும். இல்லன்னா பாவம், சட்டை அவளைக் காட்டிக்குடுத்துடும்."

அப்படி வெட்டின கைதான் போயிற்று.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், வெட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தி, "கத்திரி கனக்குது" என்றாள். சொல்லும்போதே வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது பேச்சு தேறியிருந்தது. கால் இழுத்துக்கொண்டாவது நடந்தது. வலது கை மட்டும் யாரோ கொடுத்துவைத்த சாமான் மாதிரி தோளில் தொங்கியது.

டைக்காரர் சும்மா இருக்கவில்லை. வெங்காயம் உருளாமல் குத்திவைக்க ஆணி அடித்த பலகை செய்தார். இரண்டு காது வைத்த டம்ளர் செய்தார். ஒரு கையால் இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி செய்தார். எல்லாம் பிசிறில்லாத வேலை. அவள் ஒவ்வொன்றையும் இடது கையால் திருப்பிப் பார்த்து, "வேலை சுத்தம்" என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"ஏன் மாஸ்டர், ஒண்ணையும் தொட மாட்டேங்கிற?"

"நல்லாத்தான் இருக்கு."

"பின்னே?"

"எல்லாம் என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதாங்க சொல்லுது. உன் கை வராதுடீன்னு சொல்லுது."

அவர் அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

முன்னறையில் தையல் இயந்திரம் நாளுக்கு நாள் மெலிந்த குரலில் ஓடியது. தங்கச்சிக்குத் தைக்க வரும், வெட்ட வராது. "கத்திரியை எடுத்தாலே கை நடுங்குது மாமா" என்று அவரிடம் ரகசியமாகச் சொன்னாள். "நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையா வெட்டி வச்சிருக்கேன். போட்டுக்கிறதுக்கு ஆள் தேடணும்."

"சிரிக்காத. உள்ள கேக்கப்போகுது."

"சிரிக்கல மாமா. அழுதா கண்ணு தெரியாது, ஊசி கையில ஏறும். அதான் சிரிக்கிறேன். துணிக் கம்பெனியில வேலைக்கு வரச் சொல்றாங்க. அக்கா மொகத்தைப் பாத்துட்டு இருக்கேன். எத்தனை நாளைக்குப் பாக்குறது?"

அக்காவுக்கும் அது தெரிந்தேயிருந்தது. ஒருநாள் அவர் கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தபோது, கரண்டியை உதட்டால் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "கடை தொறந்திருக்கிற வரைக்கும் நான் கை சொகமில்லாத மாஸ்டர். கடையை மூடிட்டா வெறும் நோயாளி. ஞாபகம் வச்சுக்குங்க."

அவர் ஞாபகம் வைத்துக்கொண்டார். அதுதான் வினையாக முடிந்தது.

கைப் பயிற்சிக்கென்று அவளை மறுபடி ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் தங்கவைக்கச் சொன்னார்கள். அவள் போன மறுநாளே மூலை ரொட்டிக்கடைப் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலைச் சட்டை வேண்டும், சாம்பல் நிறத்தில், தொளதொளவென்று, சீக்கிரம்.

"மாஸ்டர் இல்லையேம்மா" என்று தங்கச்சி இழுத்தாள்.

"நாங்க என்ன அளவெடுத்தா போடப்போறோம்? மாவு மூட்டைக்கு ஒரு உறை வேணும், அவ்வளவுதான்" என்றாள் அடுப்புக்காரி. மற்றவர்கள் அவள் முதுகில் அடித்துச் சிரித்தார்கள்.

அப்போதுதான் டைக்காரருக்குப் பொறி தட்டியது. ஒரே மாதிரி, நிறைய. அது கத்திரி வேலை இல்லை, டை வேலை. அட்டையை வெட்டுகிற தகடு துணி அடுக்கை வெட்டாதா? மாஸ்டர் வெட்டின ஒரு சட்டை கிடைத்தால் போதும். அவள் கையையே பலகையில் பதித்து வைத்துவிடலாம். அதற்கப்புறம் யார் நடுங்கினாலும் வெட்டு நடுங்காது.

"அக்கா வெட்டினது ஏதாவது முழுசா இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு மாமா." கம்பியில் உறை போட்டுத் தொங்கியதைத் தங்கச்சி எடுத்து வந்தாள். "லைப்ரரியம்மாவோடது. அக்கா கடைசியா முடிச்சது. அவங்க வெளியூர் போயிருக்காங்க, வந்து வாங்கிப்பாங்க."

லைப்ரரியம்மாவை அவருக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் தினமும் பார்க்கிறவர்தான். நெட்டையாக, நிமிர்ந்து, அதிகம் பேசாமல் நிற்பார். நடுவில் ஒரு வருஷம் உடம்பு சரியில்லை என்று காணாமல்போய்த் திரும்பி வந்தார்.

டைக்காரர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, எதைக் கையிலெடுத்தாலும் செய்கிற மாதிரி, உள்ளை வெளியாகத் திருப்பினார்.

அப்படியே நின்றுவிட்டார்.

இடது பக்கம் மட்டும் மேலிருந்து மெல்லிய மடிப்புகள் இறங்கின. வலது பக்கத்தில் அவை இல்லை, ஆனால் வெளியே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்தே இருந்தன. மடிப்புகளுக்குப் பின்னால், நெஞ்சை ஒட்டி, மெத்தென்ற இரட்டைத் துணியில் ஒரு பை. வாய் பக்கவாட்டில் இருந்தது. குனிந்தாலும் உள்ளே வைத்தது விழாது. விளிம்புத் தையல் தோலில் உரசாதபடி உள்ளுக்குள் மறைந்திருந்தது.

"அட" என்றார். இத்தனை வருஷமாகச் சோப்புப் பெட்டியிலும் பேருந்திலும் அவர் தேடித் தேடி வணங்கிய அந்த எவனோ ஒருத்தன் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்லை.

"ரகசியப் பை வச்சுத் தச்சிருக்கா பாத்தியா! வெளியில ஒரு சொட்டுத் தெரியல."

"லைப்ரரியம்மாவுக்கு மட்டும்தான் அப்படி. என்னைத் தொடக்கூட விடமாட்டா. நான் சாப்பிடப் போற நேரமாப் பாத்து உக்காந்து தச்சுடுவா."

"ஏனாம்?"

"யாரு கண்டா? படிச்சவங்க, சாவி கீவி பத்திரமா வச்சுக்கணுமோ என்னவோ."

ரொட்டிக்கடைப் பெண்களுக்கு எந்நேரமும் கை மாவுக்குள். சாவியும் போனும் வைக்க இடமில்லை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? அவர் சட்டையைப் பலகைமேல் விரித்து, ஓரம் ஓரமாக, மடிப்பு மடிப்பாகப் பென்சிலை ஓட்டினார். பிரிக்காமல், ஒரு நூல் கலையாமல் எடுத்து முடித்துத் திரும்ப உறைக்குள் போட்டுக் கம்பியில் மாட்டினார்.

பட்டறை முதலாளி பலகையைப் பார்த்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "என்னய்யா பெட்டி இது? கழுத்தெல்லாம் இருக்கு?"

"சட்டை முதலாளி."

"உள்ள ஆளை வச்சு ஒட்டி அனுப்பணுமா?"

"ஆள் தானா வந்து மாட்டிக்கும்."

"உனக்குப் பொண்டாட்டிக் கவலையில கழண்டுபோச்சு" என்றார் முதலாளி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தை ஓட்டிக்கொள்ளச் சாவியைக் கொடுத்தார்.

முன்பக்கமும் பின்பக்கமும் கையும் பையும் ஒன்றின் வளைவுக்குள் ஒன்று புகுந்து, துணி வீணாகாமல் பலகையில் அடங்கின. இயந்திரம் அமுக்கி எழுந்தபோது சாம்பல் துணி அடுக்கடுக்காகச் சட்டையின் துண்டுகளாகிக் கிடந்தது. மாஸ்டரின் வளைவு அச்சாக விழுந்திருந்தது. டைக்காரர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதார், சந்தோஷத்தில். தங்கச்சி ராப்பகலாகத் தைத்துக் கொடுத்தாள். ரொட்டிக்கடைப் பெண்கள் போட்டுக்கொண்டு போனார்கள்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்த அன்று மழை விட்டிருந்தது. கையில் முன்னேற்றம் எதுவுமில்லை. அவளை முன்னறை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தங்கச்சியும் அவருமாகப் பலகையைத் தூக்கி வந்து வெட்டு மேசைமேல் வைத்தார்கள்.

"என்னங்க இது?"

"உன் கை" என்றார் அவர்.

அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கை விரலால் தகட்டின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். தோள், அக்குள் வளைவு, விலா.

"யாரோடதுங்க இது?"

"பொது மாஸ்டர். எல்லாருக்கும் போடலாம்."

"எல்லாருன்னு ஒருத்தி என் கடைக்கு வந்ததே இல்லையே."

"அக்கா, பேசாம இரு. ரொட்டிக்கடைல கொண்டாடுறாங்க. இன்னும் நாலு பேர் கேட்டு விட்டிருக்காங்க" என்றாள் தங்கச்சி.

விரல் நகர்ந்து மடிப்புகளுக்கான தகடுகளைத் தொட்டது. நின்றது. அவள் தலையைத் திருப்பிக் கம்பியில் தொங்கிய உறையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் விழுந்து கிடந்தபோதுகூட அவள் முகம் அப்படியாகவில்லை.

"பையையுமா வச்சீங்க?"

"அதானே உசுரு! அதுல சாவி வச்சுக்கிறாங்க, போன் வச்சுக்கிறாங்க..."

"குடுத்தாச்சா?"

"போட்டுக்கிட்டே திரியுறாங்க அக்கா. ரெண்டு நாளாச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அது சாவி வைக்கவா இருக்குன்னு நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

டைக்காரர் பலகையைப் பார்த்தார். தட்டையைப் பார்த்தே நிற்கிற பொருளைச் சொல்கிறவர், இந்த ஒன்றை மட்டும் மனசுக்குள் மடித்துப் பார்க்காமலே விட்டிருந்தார். இப்போது மடித்தார். இடது பக்கம் துணி தன் பலத்திலேயே எழும்பி நிற்கிறது, உள்ளே தாங்க ஒன்றுமில்லாததால். பைக்குள் மெத்தை வைத்தால் வலது பக்கத்துக்கு ஈடாகிறது. லைப்ரரியம்மாவின் அந்த ஒரு வருஷ நோய். மார்பை அறுத்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். அது இந்தத் தெருவில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தன் தங்கச்சிக்கோ புருஷனுக்கோ மூச்சு விடாமல், மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு தைத்திருக்கிறாள்.

தங்கச்சி இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை, யாரும் விளக்கவுமில்லை.

லைப்ரரியம்மா மறுநாள் சாயங்காலம் வந்தார். மழை இல்லாத நாளில் முட்டிவரை மழைக்கோட்டுப் போட்டிருந்தார். தங்கச்சி காய் வாங்கப் போயிருந்தாள். டைக்காரர் உள்ளறையில், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே போகவும் முடியவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் தோன்றவில்லை.

"எப்படி இருக்கீங்க மாஸ்டர்?"

"இருக்கேம்மா. உக்காருங்க. உங்க சட்டை தயாரா இருக்கு."

"ரொட்டி வாங்கப் போனேன்." குரல் நிதானமாகத்தான் இருந்தது. "கல்லாவுல இருக்கிற பொண்ணு சட்டைக்குள்ள கையை விட்டு சாவியை எடுத்தா. நான் பாக்குறதைப் பாத்துட்டு, நல்ல வசதி மேடம், நீங்களும் தச்சுக்குங்கன்னு தொறந்தே காமிச்சா. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

லைப்ரரியம்மாவின் குரல் தாழ்ந்தது.

"உங்க ஒருத்தர்கிட்டதான் நான் கழட்டிக் காட்டினேன். டாக்டருக்கு அப்புறம் நீங்கதான். எங்க அம்மாவுக்கே தெரியாது."

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா."

"சொல்லாம அதே வெட்டு எப்படி வந்துச்சு? உங்க கைதான் இப்படி இருக்கே. வேற யாரு வெட்டினாங்க? யாருக்குத் தெரியும்?"

கதவுக்குப் பின்னால் டைக்காரர் எழுந்து நின்றார். கால் ஒரு அடி எடுத்தது. அதற்குள் மனைவியின் குரல் கேட்டது, வழக்கத்தைவிடக் குழறலாக, வேண்டுமென்றே குழறலாக.

"யாருக்கும் தெரியாதும்மா. நான்தான் வெட்டினேன். இடது கையாலயே வெட்டினேன். கை போனதோட புத்தியும் போச்சு போல. பழகின வெட்டு அதுபாட்டுக்கு வந்துடுச்சு. தங்கச்சி அதைப் பைன்னு நெனச்சுத் தச்சுட்டா. எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். திட்டிட்டுப் போங்க."

பிறகு நாற்காலி நகர்ந்தது.

"சட்டை, அம்மா?"

"வேணாம் மாஸ்டர். நீங்களே வச்சுக்குங்க."

அவர் போன பிறகு டைக்காரர் வெளியே வந்து மனைவியின் காலடியில் உட்கார்ந்தார். "நான் போய்ச் சொல்லிடுறேன். தப்பு என்னோடதுன்னு."

"வாயைத் தொறக்கக் கூடாது. நீங்க மன்னிப்புக் கேட்டா, உங்களுக்கும் தெரியும்னு ஆயிடும். ஒரு ஆம்பளை, அதைத் திருப்பிப் போட்டு, பென்சில் ஓட்டிப் பாத்திருக்கான்னு ஆயிடும். எம்மேல கோவமா இருக்கட்டும். கோவத்தைத் தாங்கிக்கலாம். வெக்கத்தைத் தாங்க முடியாதுங்க."

"அப்போ ஒண்ணு செய்யலாம். நீ சொல்லச் சொல்ல நான் வெட்டுறேன். அவங்களுக்கு வேற மாதிரி, புதுசா. என் கையை உன் கைன்னு நெனச்சுக்க. கடையும் நடக்கும்."

அவள் அவர் தலையில் இடது கையை வைத்தாள். அடிக்கிற மாதிரியும் இருந்தது, தடவுகிற மாதிரியும் இருந்தது.

"உங்க கை என் கையவிடச் சுத்தம். ஆனா எதைச் சொல்லச் சொல்றீங்க? ஒருத்திக்கு முதுகு கூனல். ஒருத்திக்கு வயித்துல வெட்டுக் காயம். அவங்க என்கிட்ட காட்டினாங்க, உங்ககிட்ட இல்ல. சொன்னா நான் மாஸ்டர் இல்ல. சொல்லாம உங்களால வெட்ட முடியாது. விட்டுடுங்க."

அதோடு விட்டாயிற்று. அவர் டையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரொட்டிக்கடைக்காரிகள் இன்னும் வேண்டும் என்று வந்து கேட்டு, சண்டை போட்டு, போய்விட்டார்கள். காரணம் தெரியாத தங்கச்சி அக்காவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுத் துணிக் கம்பெனியில் சேர்ந்தாள். முன்னறைக் கதவைச் சாத்தினார்கள். மாஸ்டர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தெருவில் போகிறவர்கள் யார் என்று எழுந்து பார்க்கிற பழக்கம் நின்றுபோனது.

டைக்காரர் வேலைக்குப் போய்வந்தார். பேருந்து நிறுத்தத்தில் லைப்ரரியம்மா தினமும் அந்த மழைக்கோட்டோடு நின்றார். வெயில் ஏறி, எல்லாரும் விசிறிக்கொண்டு நின்ற நாளிலும் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. முன்பெல்லாம் டைக்காரர் வணக்கம் சொல்லி, புத்தக அட்டையைப் பற்றி ஏதாவது கேட்பார். இப்போது குனிந்து அந்த அம்மாவின் செருப்பைப் பார்த்தபடி நின்றார். செருப்பின் வாரைக்கூடப் பார்க்கவில்லை. வெறுமனே தரையைப் பார்த்தார்.

"என்ன டைக்காரரே, கீழ என்ன தேடுறீங்க?" என்றார் லைப்ரரியம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"எதைப் பாத்தாலும் கண் கொட்டாமப் பாப்பீங்க. கொஞ்ச நாளா என்னைப் பாக்கவே மாட்டேங்கிறீங்க."

பேருந்து தூரத்தில் திரும்பியது.

"உங்க மாஸ்டர் சொல்லியிருப்பாங்க" என்றார் லைப்ரரியம்மா, கசப்பாக, தனக்குத்தானே. "யார்கிட்டயும் சொல்லலன்னாங்க. புருஷன் கணக்கு இல்ல போல. அவங்களைப் போய் நம்பினேன்."

டைக்காரர் நிமிர்ந்தார். மனைவியால் தாங்க முடியாத ஒரே வார்த்தை அது என்று அவருக்குத் தோன்றியது. கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடக்கிறவள் அதைக் கேட்டால் என்ன ஆவாள் என்று தோன்றியது.

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா அவ ஒரு வார்த்தை சொல்லல. அவ வெட்டவே இல்ல. நான்தான், உங்க சட்டையைத் திருப்பிப் பாத்து, அச்செடுத்து... நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்..."

சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு எட்டியது.

பேருந்து வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். லைப்ரரியம்மா ஏறவில்லை. கையிலிருந்த புத்தகப் பையை மெதுவாகத் தூக்கி, மழைக்கோட்டுக்கு மேலே, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்படியே திரும்பி, வந்த வழியே வீட்டைப் பார்த்து நடந்தார். டைக்காரர் கண்ணை எடுக்க முயன்றார். முடியவில்லை. லைப்ரரியம்மாவின் இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தது. இதுவரை மாஸ்டர் வெட்டின எந்தச் சட்டையும் அதைக் காட்டிக்கொடுத்ததில்லை.